நான்கு வினாடி வாத்து

கெய்யோன் துறைமுகத்தில் மழை ஒரு செய்தியல்ல.
மழை நின்றால்தான் கதவைத் திறந்து
என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

எரஸ்மோ சொட்டச் சொட்ட வந்து
டீசல் ரசீது ஒன்றை என் மேசையில் வைத்தார்.
பின்பக்கம், பேனாவில், ஒரு வாத்து.
கேத்ரு.
எங்கள் கால்வாய்களில் இறக்கையால்
தண்ணீரை அடித்தடித்து ஓடும்.
பறக்க மட்டும் வராது.

"படகில் திரை விழிக்கும்போதெல்லாம்
அந்தப் பென்குயின் எதற்கு?
எனக்கும் அதற்கும் என்ன உறவு?
இதைப் போடு, மிரேயா.
அலகு ஆரஞ்சு. மறந்துவிடாதே."

சீட்டுக்கட்டு அளவுப் பலகை அது.
போன வருடம் நான்தான்
'லா போர்ஃபியாதா'வின் சுக்கான் அறையில்
திருகி வைத்தேன்.
ஆழம், ஓதம், வரைபடம் எல்லாம் அதற்குள்.
போர்ஃபியாதா என்றால் பிடிவாதக்காரி.
யாரை நினைத்து வைத்த பெயர் என்று
எரஸ்மோவின் மனைவிக்குத் தெரியும்.

பலகை கண்விழித்து,
தான் இன்னதென்று தனக்கே சொல்லிக்கொண்டு
வேலைக்கு வரும் வரை
ஒரு படம் திரையில் நிற்கும்.
நாலே வினாடி.
அதற்கு என் இரண்டு இரவுகள்.

எண்பதுக்கு எண்பது புள்ளிக்குள்
வாத்தை மடக்கினேன்.
இருநூற்று இருபத்து நான்கு நிறங்களுக்கு மேல்
ஏற்காது என்றது.
வாத்துக்கு ஆறே போதும், மீதியை நீயே வைத்துக்கொள் என்றேன்.
கருநிரல் தொகுத்து முடிவதற்குள்
அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்து
கரைந்தும் போயிற்று.

முதல் தடவை
வாத்துமில்லை, பென்குயினுமில்லை.
கறுப்பு.
மூன்று கம்பி செருகினேன்:
சொல்ல ஒன்று, கேட்க ஒன்று, மண்ணுக்கு ஒன்று.
உள்ளிருந்து வரிவரியாக முனகியது.
கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை
நான் விழுங்கியிருந்தேன்.
பலகை அல்ல, நான்.

இரண்டாம் தடவை வந்தது,
நீல அலகோடு.
சிவப்பும் நீலமும் எங்கோ உள்ளே
நாற்காலி மாற்றி உட்கார்ந்துவிட்டன.
அதுகூடப் பரவாயில்லை.
ஒன்றல்ல, நான்கு.
இடது மூலையிலிருந்து வரிசையாக,
மீன் சந்தையில் முறைக்கு நிற்பதுபோல்
நான்கு நீல அலகு வாத்துகள்.

எரஸ்மோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"ஏன் நாலு?"
"உள்ளே நாலு மூளை.
ஒவ்வொன்றும் ஆஜர் சொல்கிறது."
அவர் விரல் விட்டு எண்ணினார்:
தான், சிரோ, இளைய வெராஸ்.
நான்காம் விரல் மடங்காமல் நின்றது.

ஆகஸ்டில் நொல்பெர்தோ
சால்மன் கம்பெனியின் தீவன மிதவைக்குப் போய்விட்டான்.
மாதச் சம்பளம், சூடான அறை, காப்பீடு.
போகட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னோம்.
அவன் தொங்கவிட்டுப் போன எண்ணெய்த்துணிக் கோட்டு
இன்னும் அதே ஆணியில்.

"ஒன்றாக்க முடியுமா?"
"ஒரு வரி எழுதினால் போதும்."
அவர் வெளியே பார்த்தார்.
"அலகை மட்டும் சரிபண்ணு.
மற்றதை மழை விட்டதும் பார்க்கலாம்."

நான் சொன்னேன் அல்லவா,
எங்கள் ஊர் மழையைப் பற்றி.

இப்போது ஆரஞ்சு அலகுகள்.
பாரந்தூக்கி வலையை இழுக்கையில்
மின்னழுத்தம் சரிந்து பலகை மயங்கும்.
இருட்டில், கடல் நடுவில்,
வரைபடத்துக்கு முன்னால்
நான்கு வாத்துகள் வந்து எட்டிப் பார்க்கும்.
அதற்கும் ஒரு மருந்து உண்டு, விலை அதிகமில்லை.
யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் நொல்பெர்தோ
இறைப்பான் ஒன்று இரவல் கேட்டு ஏறினான்.
கோட்டைப் பார்த்தான், தொடவில்லை.
திரை விழித்தது.
"இதென்ன, நாலு?"

"நாலு மூளையாம்," என்றார் எரஸ்மோ
இறைப்பானைத் தேடியபடியே,
"நாலும் கூலி கேட்பதில்லை."

அவன் சிரித்தான்.
அதற்குள் வாத்துகள் போய்
ஆழம் பதினொன்று என்று வந்துவிட்டது.